மலையில் வரும் பழுது, சமவெளியில் இருக்கும் வொர்க்ஷாப்: மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் மின்சாரக் கார் வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வண்டியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஏற்றத்தில் கியர் மாற்றும் தொல்லை இல்லை, சத்தம் இல்லை, இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை. மலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் திரையில் ஓர் எச்சரிக்கைக் குறி வந்துவிட்டால் அப்புறம் படும் பாடு வேறு. சர்வீஸ் சென்டரில், கோயம்புத்தூருக்கு இறக்கிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். இறக்கிக்கொண்டு போனால், வண்டி நன்றாகத்தானே இருக்கிறது மேடம் என்று திருப்பி அனுப்புவார்கள். மேலே ஏறியதும் அதே குறி மறுபடி வரும்.

பழுது வருவது கொண்டை ஊசி வளைவில், குளிரில், மூடுபனி ஈரத்தில். சோதித்துப் பார்ப்பது சமவெளியில், காய்ந்த தரையில், நல்ல வெயிலில். இந்த இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் செய்கிறவரை நம்மால் காத்திருக்க முடியாது என்பதால், மலையில் நடந்ததை வீடியோவாகவும் காகிதமாகவும் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று எழுதுகிறேன்.

நான் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். எடைச் சீட்டில் ஏறாத இலைக்குப் பணம் கிடையாது என்பது எங்களுக்கு இலை போடும் விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். கார் சர்வீஸும் அப்படித்தான். சீட்டில் ஏறாத பழுதுக்கு வாரன்ட்டி கிடையாது.

எது பழுது, எது பழுது இல்லை

கம்பெனியிடம் சண்டைக்குப் போகும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பழுதே இல்லாத ஒன்றைச் சொல்லி ஒருமுறை போய்விட்டால், அடுத்த முறை உண்மையான பழுதோடு போகும்போதும் நம்மை லேசாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறினால் பேட்டரி மளமளவென்று இறங்குகிறது என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 மீட்டருக்குப் பக்கம். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். சக்கரம் உருளவும் மோட்டாரில் வீணாவதற்கும் ஆவது தனி. 30 யூனிட் பேட்டரி என்றால் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு மலையிலேயே போய்விடும். இது பழுது இல்லை. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது, இறக்கத்தில் ரீஜென் வேலை செய்யவில்லை என்பது. மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதுதான் ரீஜென். இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் கீழே இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் ஏது? வண்டி ரீஜெனைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். வழக்கமாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடித்து நிற்கும் கார் திடீரென்று ஓடுவதுபோல் தோன்றும். பயமாகத்தான் இருக்கும். கீழே போகிற நாளில் 80, 85 சதவீதத்தோடு கிளம்பினால் போதும். அதிகாலையில் கடுங்குளிர் இருந்தாலும் ரீஜென் குறையும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்காரர்களுக்கு இது பழகியிருக்கும். மழைக்காலத்துக் காலையில் முதல் சில மீட்டருக்கு பிரேக்கில் கரகரவென்று சத்தம் வருவதும் அப்படியே. மின்சாரக் காரில் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் ராத்திரி ஈரத்தில் லேசாகத் துருவேறும். நாலு தடவை மிதித்தால் போய்விடும். சத்தம் போகவே இல்லை என்றால்தான் காட்ட வேண்டும்.

பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தும் ஏற்றத்தில் ஆமைக் குறி (வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொண்டது என்ற எச்சரிக்கை) வந்து வேகம் படுத்துவிடுவது, சார்ஜ் பாதியில் நிற்பது, 40 சதவீதத்திலிருந்து சட்டென்று 20-க்கு விழுவது, மழையில் மட்டும் வரும் இன்சுலேஷன் (மின்கசிவு) எச்சரிக்கை, இவையெல்லாம் பழுதுகள். யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

கீழே இறக்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

திரை இருட்டாக இருக்கிறது, ரிமோட்டில் கதவு திறக்கவில்லை, அல்லது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குறிகள் ஒரே நேரத்தில் வருகின்றன என்றால் முதலில் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பெரிய பேட்டரியில் நிறைய சார்ஜ் இருந்தாலும் இந்தச் சின்ன பேட்டரி செத்துவிட்டால் வண்டி உயிர் பெறாது. ஊரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் எவரிடமும் மல்டிமீட்டர் இருக்கும். சும்மா நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் நலம். 12-க்குக் கீழே போயிருந்தால் அதுதான் உங்கள் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றுவதற்கு முன் வாரன்ட்டி இருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிற வயர்கள் எதையும் மட்டும் யாரையும் தொட விடாதீர்கள். அவற்றில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்சாரம்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் வீட்டு எர்த்திங்கைப் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வண்டிக்கு நடந்தது இதுதான். ஐப்பசி மழையில் என் கார் பாதி சார்ஜில் நிற்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்க்காமலே போனில் சொன்ன பதில், "உங்க வீட்டு எர்த்திங் சரியில்ல மேடம், மலைல எல்லாருக்கும் இதான் பிரச்சினை." மலையில் பல வீடுகளில் எர்த்திங் மோசம் என்பது உண்மைதான்; பாறை மண்ணில் குழி ஆழமாகத் தோண்டாமல் விட்டுவிடுவார்கள். அதனாலேயே அந்தப் பதில் நம்பும்படி இருக்கிறது.

நான் எங்கள் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் அண்ணனை வரச் சொன்னேன். அவர் 16 ஆம்பியர் பிளக்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எத்தனை வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை என்று மூன்றையும் அளந்தார். சார்ஜ் ஓடாதபோது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை. தன் பெயரும் லைசென்ஸ் எண்ணும் போட்டு ஒரு தாளில் எழுதி, தேதி குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மல்டிமீட்டர் திரை தெரியும்படி போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் வேறொரு கட்டடத்தில், வேறு மின் இணைப்பில் வண்டியைச் சொருகிப் பார்த்தோம். அங்கேயும் பாதியில் நின்றது. அந்தத் தாளையும் வீடியோவையும் மெயிலில் அனுப்பிய பிறகு எர்த்திங் பேச்சே வரவில்லை. கடைசியில் காருக்குள் இருக்கும் சார்ஜர்தான் கெட்டிருந்தது.

அளக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மிகக் குறைந்த வோல்ட்தான் இருக்க வேண்டும். எர்த்திங் உண்மையிலேயே சரியில்லை என்று தெரிந்தால் அதைச் சரிசெய்த பிறகே கம்பெனியைக் கூப்பிடுங்கள். உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுப்பது பெரிய செலவில்லை. வீட்டில் இருப்பவர்கள் உயிருக்கும் அது பாதுகாப்பு.

எலி கடித்த வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் இது சகஜம். வாரன்ட்டியில் வராது, இன்சூரன்ஸில் கேட்க வேண்டும்.

வீடியோ எடுக்கும் விதம்

குறி வந்ததும் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்துங்கள். முதலில் அது முக்கியம். அப்புறம் காரை அணைக்காமல் போனை எடுங்கள். ஒரே ஓட்டத்தில், வெட்டாமல், எச்சரிக்கைக் குறி, பேட்டரி சதவீதம், ஓடிய கிலோமீட்டர், வெளி வெப்பநிலை எல்லாம் தெரியும்படி திரையைக் காட்டிவிட்டு, கேமராவைக் கண்ணாடிக்கு வெளியே திருப்பி இடம் தெரியும்படி எடுக்க வேண்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல் தெரிந்தால் நல்லது. எடுத்துக்கொண்டே வாயால் சொல்லுங்கள்: தேதி, நேரம், ஏற்றமா இறக்கமா, மழையா, எத்தனை பேர் வண்டியில். அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் குறி போய்விட்டால் அதையும் எடுங்கள். பெரும்பாலும் போய்விடும், கீழே போனால் "ஒன்றுமில்லையே" என்று அவர்கள் சொல்வது அதனால்தான்.

வீடியோவை வாட்ஸப்பில் மட்டும் அனுப்பி விட்டுவிடக் கூடாது. அசல் கோப்பை போனிலேயே அழிக்காமல் வையுங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால் அசல் கேட்கப்படலாம்.

கீழே இறக்குவது

ஓடுகிற வண்டியாக இருந்தால் நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். கோடை சீசனில் குன்னூர் ரோட்டையும் கோத்தகிரி ரோட்டையும் ஒருவழியாக மாற்றும் நாட்களில் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டாம். பர்லியாறு பக்கம் மண் சரியும் மழை நாட்களிலும் வேண்டாம்.

நின்றுபோன வண்டி என்றால் ஒன்றைக் கறாராகச் சொல்லுங்கள்: நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும். மோட்டாரோடு சேர்ந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாகும், அதனால் உள்ளே இருப்பது கெடலாம். கெட்டபின் இழுத்து வந்ததால்தான் கெட்டது என்பார்கள். கயிறு கட்டி இழுக்க முன்வரும் நல்ல மனிதர்களுக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

அவசர உதவி எண்ணைக் கூப்பிடும்போது, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், மலைப்பாதைக்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். இருட்டிய பிறகு குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டத்துக்குப் பயந்து லாரிக்காரர்கள் ஏற மறுப்பார்கள், அதைத் தப்பு சொல்ல முடியாது. அதனால் மதியத்துக்குள் கூப்பிட்டுவிடுவது நல்லது. லாரியில் ஏற்றும் முன் காரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள்.

ஜாப் கார்டு

வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் பழுதை எழுதும் சீட்டுதான் ஜாப் கார்டு. எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பொறுமையாக நில்லுங்கள், அவசரப்படுத்துவார்கள்.

சர்வீஸ் அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்றோ "சார்ஜிங் பிராப்ளம்" என்றோ இரண்டே சொல்லில் போட்டு கையெழுத்துக் கேட்பார். போடாதீர்கள். நீங்கள் சொன்னது சொன்னபடி ஏற வேண்டும். நான் கொண்டுபோகும் தாளில் இப்படி எழுதியிருப்பேன்:

"கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது, பேட்டரி 46 சதவீதம், மழை, வண்டியில் மூன்று பேர். ஆமைக் குறி வந்து வேகம் 20-க்குக் கீழே இறங்கியது. நிறுத்தி அணைத்துப் போட்டதும் குறி மறைந்தது. மறுநாள் அரவேணு அருகே மறுபடி வந்தது. வீடியோ மெயிலில் அனுப்பியிருக்கிறேன். சமவெளியில் வராது, ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவும்."

கணினியில் இடம் போதாது என்றால் தாளை ஜாப் கார்டோடு இணைத்து, "இணைப்பு உள்ளது" என்று அதில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஸ்கேன் செய்ததில் வந்த எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்தோ போட்டோ எடுத்தோ கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் மாற்றினால் பழைய பதிப்பு எண்ணும் புது எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தை, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை, எழுதித் தர வேண்டும். கடைசியைத் தரத் தயங்குவார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கேளுங்கள், மெயிலிலும் கேளுங்கள். இந்தியாவில் பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி தருகின்றன. எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதை வாரன்ட்டிப் புத்தகத்தில் இன்றே தேடிப் படியுங்கள்.

மெக்கானிக்கைக் கூடவே அழைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி முதல் சில வளைவுகள் வரை வந்தால்கூடப் போதும். வர மறுத்தால் சண்டை வேண்டாம், "ஏற்றத்தில் சோதிக்கவில்லை" என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். "பழுது காணப்படவில்லை" என்று மட்டும் எழுதப்பட்ட தாளைவிட அந்த ஒரு வரி உங்களுக்குப் பல மடங்கு பயன்படும்.

மூடுபனிக்காக வெளியில் கூடுதல் விளக்கு போட்டிருக்கிறீர்களா? அதைக் காட்டி வாரன்ட்டியை மறுப்பார்கள். வயரை வெட்டி ஒட்டுப்போடாமல், கம்பெனி அங்கீகரித்த பொருளை அவர்களிடமே போட்டு பில் வைத்துக்கொண்டால் அந்த வாய் அடைபடும்.

பார்ட்ஸ் வரவில்லை என்பதுதான் நம்மை அதிகம் வாட்டுவது. என் சார்ஜருக்குக் காத்திருந்த நாட்களில் அம்மாவைக் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில்தான் கூட்டிப் போனேன். போன் செய்தால் "அடுத்த வாரம் வந்துரும் மேடம்" என்ற பதில் மட்டும். அந்த நிலையில் போனை விட்டு மெயிலுக்கு மாறுங்கள். பார்ட்டின் பெயர், ஆர்டர் போட்ட தேதி, ஆர்டர் எண், வரும் தேதி, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மாற்று வண்டியும் கேளுங்கள். தருவார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டதும் மறுத்ததும் பதிவாக வேண்டும். வாடகைக் கார் பில், பஸ் டிக்கெட் எல்லாம் ஒரு கவரில் சேரட்டும்.

வண்டியை எடுக்கும்போது "திருப்தி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். "ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே திருப்தி தெரிவிப்பேன்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடலாம். யாரும் தடுக்க முடியாது.

மேலே முறையிடுவது

அதே பழுது மறுபடி வந்தால் டீலரோடு நிற்காமல் கார் கம்பெனிக்கும் சேர்த்து எழுதுங்கள். கோபத்தை எல்லாம் கொட்டாமல் ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்:

"வண்டி எண், சேசிஸ் எண், வாங்கிய தேதி. இதே பழுதுக்காக இந்தத் தேதிகளில் விட்டேன், ஜாப் கார்டு எண்கள் கீழே. இன்னும் சரியாகவில்லை. 15 நாட்களுக்குள் சரிசெய்து தரவும், அல்லது என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

மெயிலில் அனுப்பிவிட்டு அதையே ஸ்பீடு போஸ்டிலும் (பழைய பதிவுத் தபால் 2025-ல் இதோடு சேர்ந்துவிட்டது) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே கிடைக்கும் புகார் எண்ணை வைத்து கம்பெனியின் மேலிடம் வரை விஷயம் போகும். பல சமயம் பார்ட் அதற்கப்புறம்தான் நகரும். உயிருக்கு ஆபத்தான பழுது என்றால், ஓடும்போது அணைந்துபோவது மாதிரி, மத்திய அரசின் வாகன் தளத்தில் ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பகுதியிலும் புகார் பதியுங்கள். ஒரே மாடலில் பல பேர் பதிந்தால்தான் அரசு கம்பெனியைக் கேள்வி கேட்கும்.

இதிலும் நடக்கவில்லை என்றால் வழக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மலைக்காரர்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும், கம்பெனி தலைமையகம் எங்கே இருந்தாலும், ஊட்டியிலுள்ள மாவட்ட ஆணையத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 2025-லிருந்து ஈ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், "அடுத்த வாரம்" என்ற பேச்சை நம்பி அதைத் தாண்டவிடாதீர்கள். வண்டியைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கு 3 மாதத்திலும், சோதிக்க வேண்டியது 5 மாதத்திலும் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளும்.

டீலரையும் தயாரித்த கம்பெனியையும் சேர்த்தே எதிர்தரப்பாகப் போடுங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட இடம் கொடுக்க வேண்டாம். வாடகைக்கு ஓட்டுபவர்கள், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிற ஒரு வண்டி என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். சுயதொழிலுக்காக வாங்கியவரும் சட்டத்தில் நுகர்வோர்தான். எழுதாமல் விட்டால் வணிக நோக்கம் என்று தள்ளப் பார்ப்பார்கள்.

நோட்டீஸ் போனதும் சமாதானத்துக்கு போன் வரும். தாராளமாகப் பேசுங்கள். என்ன பார்ட் மாற்றுகிறார்கள், அதற்குப் புதிதாக எத்தனை நாள் வாரன்ட்டி, வாடகைக் கார் செலவில் எவ்வளவு தருகிறார்கள் என்பதெல்லாம் மெயிலில் வந்த பிறகு வண்டியை விடுங்கள். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன், ஒரு மழை நாளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை நிறுத்தாமல் ஏறிப் பார்த்துவிடுங்கள்.